கம்பெனிக் கணக்குப் புத்தகமும் வாலிகண்டபுரமும்

பி.காம். படிப்பவர்களுக்கு 1600, 1602 இரண்டும் மனப்பாட வருடங்கள். முதலாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி. இரண்டாவது டச்சுக்காரர்களின் வி.ஓ.சி. (நம்ம தூத்துக்குடி வ.உ.சி. இல்லைங்க!). சுமார் 64 லட்சம் கில்டர் மூலதனம், கைமாற்றக்கூடிய பங்குகள். இரண்டு மார்க் கேள்விக்கு இவ்வளவு போதும். அடுத்த பக்கம் போய்விடலாம்.

ஆனால் அந்தக் கம்பெனிகள் இந்தப் பக்கமும் வந்திருக்கின்றன. பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் வழியில் ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறதே, அதன் சுற்றுவட்டாரத்தில்தான் 1751-ல் வாலிகண்டபுரம் சண்டை நடந்தது. முகமது அலி பக்கம் ஆங்கிலக் கம்பெனிப் படை, சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக் கம்பெனிப் படை. ஆங்கிலேயர்கள் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். துணி வாங்க வந்தவர்கள் இங்கே துப்பாக்கியோடு என்ன செய்தார்கள் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை.

துணி வியாபாரத்துக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது. சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். கம்பெனி நெசவாளியிடம் நேராகப் போகாது. உள்ளூர் வியாபாரியிடம் முன்பணம் கொடுக்கும், அவர் தறிக்காரரிடம் கொடுப்பார். சரக்கு வராவிட்டால் வாராக்கடன். இதைச் சமாளிக்க 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழவேற்காடு, சென்னை போன்ற இடங்களில் உள்ளூர் வியாபாரிகளையே பங்குதாரர்களாகச் சேர்த்து கூட்டுப் பங்கு நிறுவனங்கள் அமைத்தார்கள். தமிழ்க் கரையில், முன்னூறு வருடங்களுக்கும் முன்பே! இது ஏன் சிலபஸில் இல்லை என்று யாராவது கேட்டால் தேவலை.

இதையெல்லாம் எழுதியவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம். இலங்கையில் டச்சு ஆட்சி பற்றிய அவரது புத்தகம் 1958-ல் வந்தது. சோழமண்டல வியாபாரிகள் பற்றியது 1986-ல். அவர் பழைய டச்சு ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப்டவுன் ஆகிய ஊர்களில் வி.ஓ.சி. ஆவணங்கள் சுமார் 2.5 கோடி பக்கங்கள் இருக்கின்றன. யுனெஸ்கோ 2003-ல் அவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. டச்சு தெரியாமல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

டச்சு கற்க வருடமும் பணமும் வேண்டும். 2000-த்தில் லைடன் பல்கலைக்கழகம் டனாப் என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆசிய மாணவர்களை உதவித்தொகையோடு அழைத்து, முதலில் மொழியும் பழைய கையெழுத்தும் கற்றுக்கொடுத்து, பிறகு முனைவர் பட்டத்துக்கு ஆராய வைத்தது. கொச்சிக் கோட்டை பற்றி அஞ்சனா சிங், கண்ணூர் அலி ராஜாக்கள் பற்றி பினு ஜான் மைலாபரம்பில் எழுதிய புத்தகங்கள் அப்படி வந்தவை. இரண்டுமே கேரளக் கரை. அந்தத் திட்டம் முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது.

இங்கேயே செய்வதென்றால் யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். நல்ல தொகைதான், ஆனால் அதற்கு முன் பெரும்பாலும் எம்.ஏ., அதற்கு மேல் நெட் தேர்வு. அரியலூரில் ஒரு வீட்டில் போய் "டச்சுக் கம்பெனி பற்றி அஞ்சு வருஷம் படிக்கப் போறேன்" என்று ஒரு பையனோ பெண்ணோ சொன்னால், "எந்தக் கம்பெனி? சிமெண்ட் கம்பெனியா? சம்பளம் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதிலும் தப்பில்லை.

இப்போது ஒரு வசதி. ஹேக்கில் உள்ள வி.ஓ.சி. கையெழுத்துப் பக்கங்களில் சுமார் 50 லட்சத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஜெயங்கொண்டத்து பிரவுசிங் சென்டரிலிருந்தும் தேடலாம். ஆனால் பழவேற்காட்டை அவர்கள் 'பல்லியகட்டே' என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலப் பதிவுகளில் வாலிகண்டபுரம் 'வோல்கொண்டா'. அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வெளியூர் பேராசிரியர் வரைபடத்தை விரிக்க வேண்டும். பெரம்பலூர் டவுன் பஸ்ஸில் போகிறவருக்கு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே போதும்.