ஜி.பி. ரோடு ஸ்பீக்கர், புதுப்பேட்டை சைலன்சர்... கொல்லிமலையில் அப்பா கேட்ட பாட்டு!

"பாட்டு கேக்கணுமா, வண்டி கேக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு தம்பி. ரெண்டும் வேணும்னா ரெண்டுமே கேக்காது!"

சென்னை புதுப்பேட்டையில், ஆதித்தனார் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கையில் ஸ்பேனரோடு அந்த மெக்கானிக் அண்ணன் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் சொன்னதன் அர்த்தம் புரிய 400 கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது.

வண்டி, 2014 மாடல் தண்டர்பேர்டு 350. எனக்கு முன்பு இரண்டு பேர் ஓட்டியது. 2020-ல் இந்த மாடலை நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் மீட்டியார் 350-ஐக் கொண்டுவந்துவிட்டது ராயல் என்ஃபீல்டு. ஆனாலும், நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பழைய தண்டர்பேர்டு மேல் இன்னும் ஒரு கண் உண்டு. 20 லிட்டர் டேங்க், நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில்பார், பின்னால் உட்காருபவருக்கு முதுகுச் சாய்மானம். நான் வாங்கியதே அந்தச் சாய்மானத்துக்காகத்தான். அதில் அப்பாவை உட்காரவைத்து கொல்லிமலைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

எங்கள் ஊர் பள்ளிபாளையம். காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோடு, இந்தப் பக்கம் நாங்கள். அப்பா 32 வருடம் விசைத்தறி ஓட்டியவர். கொல்லிமலை எங்கள் நாமக்கல் மாவட்டத்திலேயேதான் இருக்கிறது. ஆனால், அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. ஒருநாள் தறி நின்றால் ஒருநாள் கூலி போகும். அவ்வளவுதான் காரணம்.

தறி அவருடைய காதுகளையும் எடுத்துக்கொண்டது. கூப்பிட்டால் திரும்புவார், என்ன சொன்னோம் என்பது புரியாது. "கீச்சுக் குரல், மெல்லிய சத்தமெல்லாம் முதல்ல போயிடும். தடித்த சத்தம் கொஞ்சம் மிஞ்சும்" என்றார் காது டாக்டர். அதனால் என் திட்டம் எளிமையானது. வண்டியில் நல்ல ஸ்பீக்கர் மாட்டினால் அப்பாவுக்குப் பாட்டு. கூடவே ஒரு சைலன்சர் மாற்றினால் எனக்கு 'டுக் டுக்'.

ஜி.பி. ரோட்டில் ஒரு மதியம்

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜி.பி. ரோடுதான். சீட் கவர், ஃபாக் லேம்ப், ஹாரன், ஆடியோ செட் என்று வண்டிக்கு அலங்காரம் செய்யும் கடைகள் வரிசைகட்டி நிற்கும். வண்டியை ஓரம்கட்டும் முன்பே "என்ன வேணும் சார்?" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள்.

ஹேண்டில்பாரில் மாட்டும் இரண்டு வாட்டர்ப்ரூஃப் ஸ்பீக்கர், நடுவில் உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபயர், புளூடூத். பெட்டியின் மேல் '600 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்து. கடைக்காரர் நேர்மையானவர். "அது அட்டைப்பெட்டியோட வாட்ஸ் தம்பி. ஸ்பீக்கரோடது பக்கத்துக்கு 20 வரும்" என்றார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 40 வாட்ஸை 12 வோல்ட்டால் வகுத்தால் 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். தண்டர்பேர்டின் பேட்டரி 14 ஆம்பியர் ஹவர். இன்ஜினை அணைத்துவிட்டு முழுச் சத்தத்தில் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் செல்ஃப் எடுக்கத் திணறும். அதனால், ஸ்பீக்கருக்கு நேரடியாக பேட்டரியிலிருந்து வயர் இழுத்து அப்படியே விட்டுவிடக் கூடாது. நடுவில் ஒரு ஃபியூஸ், சாவி போட்டால் மட்டுமே வேலை செய்யும் ஒரு ரிலே. இந்த இரண்டும் முக்கியம். ஏற்கெனவே இரண்டு ஓனர்கள் வெட்டி ஒட்டிய வயரிங் என்றால் இன்னும் முக்கியம். என் வண்டியில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் டேப் சுற்றாத மூன்று ஜாயின்ட்டுகள் இருந்தன. அதைச் சரிசெய்யவே ஒரு மணி நேரம் ஆனது.

நின்ற இடத்தில் போட்டுப் பார்த்தேன். ரோடே திரும்பிப் பார்த்தது.

புதுப்பேட்டை சந்து

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரம்தான் புதுப்பேட்டை. வெளியூர்க்காரர்களுக்கு 2006-ல் வந்த தனுஷ் படம் ஞாபகம் வரும். வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ்தான் ஞாபகம் வரும். வண்டிகளைப் பிரித்து அடுக்கிய கதவுகள், மட்கார்டுகள், இன்ஜின்கள். எண்ணெய் வாசனை காலோடு வீடு வரைக்கும் வரும்.

சைலன்சர் கடையில் பெயர்களே ஒரு தனி உலகம். பஞ்சாப், இந்தோரி, டால்ஃபின், கோல்டுஸ்டார், மெகாஃபோன். கம்பெனி சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும். புகை அதற்குள் சுற்றி வளைந்து வருவதால் சத்தம் அடங்குகிறது. இந்தக் குழாய்களில் அந்தத் தடுப்பு குறைவு, அல்லது இல்லவே இல்லை. சிலவற்றின் வாயில் 'டிபி கில்லர்' என்று ஒரு சின்ன அடைப்பு வைத்திருப்பார்கள். அதையும் கழற்றச் சொல்பவர்கள்தான் அதிகமாம்.

மெக்கானிக் அண்ணன் மாட்டுவதற்கு முன்பே எச்சரித்தார். "புகை ஈஸியா வெளிய போயிடும். பெட்ரோல் பத்தாது, காத்து ஜாஸ்தியா ஆயிடும். கார்புரேட்டர்ல மெயின் ஜெட் மாத்தணும். இல்லாட்டி ஆக்ஸிலேட்டர விட்டா பட் பட்டுனு வெடிக்கும்." நான், "அப்புறம் பார்த்துக்கலாம்ணே" என்றேன்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்குத் தயாரிப்பு நிலையில் வகுக்கப்பட்ட ஒலி வரம்பு 80 டெசிபல். அந்தச் சத்தத்தைக் கூட்டும்படி சைலன்சரை மாற்றி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். லைசென்ஸையும் 3 மாதத்துக்கு முடக்கலாம். இதெல்லாம் தெரிந்தேதான் மாட்டினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கிளம்பும்போது அண்ணன் கழற்றிய பழைய சைலன்சரைச் சாக்கில் சுற்றி, பின்சீட்டில் படுக்கவைத்துக் கட்டினார். "எதுக்குண்ணே?" என்றேன். "கொண்டு போ. தேவைப்படும்."

400 கிலோமீட்டர் இரைச்சல்

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினேன். செங்கல்பட்டு வரை ராஜா நான்தான். திண்டிவனம் தாண்டி வேகம் 80-ஐத் தொட்டதும் பாட்டு காணாமல்போனது. வால்யூமைக் கூட்டினேன். ஸ்பீக்கர் கரகரத்தது. உளுந்தூர்பேட்டையில் திரும்பி சேலம் ரோட்டைப் பிடித்தபோது, ஓடுவது என்ன பாட்டு என்று எனக்கே தெரியவில்லை.

காரணம் எளிமையானது. 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபல் அளவுக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் என் புது சைலன்சர். இதையெல்லாம் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டும் என்றால் ஸ்பீக்கர் இன்னும் கத்த வேண்டும். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்ஸ் இரண்டு மடங்கு போதாது, பத்து மடங்கு வேண்டும். 40 வாட்ஸ் 400 ஆக வேண்டும். இந்த பேட்டரி என்ன செய்யும், பாவம்!

காதின் கணக்கு இன்னும் கறாரானது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது நிபுணர்கள் வைத்திருக்கும் ஓர் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம். 100-ல் வெறும் 15 நிமிடம்.

ஆத்தூரில் டீ குடிக்க நிறுத்தினேன். டீக்கடைக்காரர் சில்லறை கேட்டது காதில் விழவில்லை. இரண்டாவது முறை கேட்டார். மூன்றாவது முறை கையை நீட்டிக் காட்டினார். என் காதுக்குள் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் சில்லறை கேட்பவர்கள் கையை நீட்டுவது அப்பாவிடம் மட்டும்தான்.

"தறிய கட்டிட்டு வந்துட்டியா?"

மதியம் பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட் பட் என்று இரண்டு வெடி. பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. வாசலில் அப்பா நின்றிருந்தார். காலிங்பெல் கேட்காத அப்பாவுக்கு என் வண்டி கேட்டிருக்கிறது!

வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சைலன்சரைக் குனிந்து பார்த்தார்.

"என்ன சாமி, தறிய வண்டியில கட்டிட்டு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போய்ச் சாக்கைப் பிரித்தேன். முக்கால் மணி நேரத்தில் பழைய சைலன்சர் அதன் இடத்துக்குப் போனது. வெடியும் நின்றது. கூடவே ஒரு வேலை. ஹேண்டில்பாரில் இருந்தால் பாட்டு என் நெஞ்சில்தான் மோதும். என் முதுகுக்குப் பின்னால் இருப்பவருக்குப் போகாது. ஒரு ஸ்பீக்கரைக் கழற்றி, வயரை நீட்டி, சாய்மானத்தின் கம்பியில் மாட்டினோம்.

எழுபது வளைவுகள்

மறுநாள் திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கும். வளைவுகளில் 20-க்கு மேல் போக முடியாது, போகவும் கூடாது. அந்த வேகத்தில் காற்றின் இரைச்சல் இல்லை. வண்டி முணுமுணுத்தது. வால்யூம் கால்வாசிதான் வைத்தேன். பதினைந்தாவது வளைவு தாண்டியிருப்போம், என் தோளில் அப்பாவின் விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன.

பாதி மலையில் ஓர் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். கீழே நாங்கள் வந்த ரோடு நூல்கண்டு பிரிந்த மாதிரி கிடந்தது.

"இது கரகாட்டக்காரன் பாட்டு" என்றார்.

"எப்படிங்ப்பா கண்டுபுடிச்சீங்க? வார்த்தை புரியுதுங்களா?"

"வார்த்தை எங்க புரியுது? மேளத்தை வச்சுத்தான். தறிக்குடோன்ல செட்டு வச்சிருப்பாங்கல்ல... தறி சத்தத்துக்கு மேல கேக்கணும்னு அதை ஃபுல்லா வைப்போம். அப்பவும் மேளம் மட்டுந்தான் கேக்கும். பாட்டு கேட்டதே இல்ல."

தறி ஒரு பக்கம், தறியை மிஞ்சிய பாட்டு ஒரு பக்கம் என 32 வருடம் இரண்டும் சேர்ந்துதான் அப்பாவின் காதுகளைத் தின்றிருக்கின்றன. முந்தைய நாள் 400 கிலோமீட்டர் நான் செய்ததும் அதேதான். பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்றால் பாட்டைக் கூட்ட வேண்டியதில்லை, இரைச்சலைக் குறைக்க வேண்டும். பழைய டூரிங் வண்டி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்த ஒரே டிப்ஸ் இதுதான். முதலில் வயரிங்கைப் பாருங்கள். சைலன்சரின் கேஸ்கெட் கசிகிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்தாலே பாதிச் சத்தம் அடங்கும். ஸ்பீக்கரை மெதுவாகப் போகும் ரோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மேட்டில் பலாச்சுளை வாங்கினோம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டோம். ஆகாய கங்கைக்குப் படி இறங்க அப்பாவின் முழங்கால் சம்மதிக்கவில்லை. "அருவி சத்தம் இங்கயே கேக்குது, போதும்" என்றார். நிஜமாகவே கேட்டதா, எனக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

சென்னை திரும்பியதும் புதுப்பேட்டைக்குப் போனேன். இந்த முறை சாக்கில் இருந்தது புது சைலன்சர். மெக்கானிக் அண்ணன் ஆச்சர்யப்படவில்லை. பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, கடைசியில எது கேட்டுச்சு?"

"எங்கப்பாவுக்குப் பாட்டு கேட்டுச்சுண்ணே."