கரம்பொனில் ஒரு டிரெக்டர்

டிரெக்டர் என்ற பல்லூடக மென்பொருளின் விற்பனையை அடோபி நிறுவனம் 2017 பெப்ரவரி 1ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. டிரெக்டரில் செய்தவற்றை இணைய உலாவிக்குள் ஓடவைத்த ஷொக்வேவும் 2019 ஏப்ரல் 9ஆம் திகதி கைவிடப்பட்டது. கரம்பொனில் ஒரு மாஸ்ரர் வீட்டில் அந்த மென்பொருள் இன்றும் பின்னேரங்களில் திறக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம் செய்கிறார்கள். அதுவும் புதிய பாடம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை, நாரந்தனை என்று போகும் பஸ்ஸில் கரம்பொனில் இறங்கினேன். வழியெங்கும் கூரையில்லாத கல்வீடுகள். சில வீடுகளுக்குள் பனை வளர்ந்து நிற்கிறது. இன்னும் கொஞ்சத் தூரம் போனால் ஊர்காவற்றுறை இறங்குதுறை.

மாஸ்ரர் கணிதம் படிப்பித்து இளைப்பாறியவர். 1990களின் தொடக்கத்தில் தீவகம் இடம்பெயர்ந்தபோது அவரும் குடும்பத்தோடு வெளிக்கிட்டவர். கொழும்பில் ரியூஷன் கொடுத்துக்கொண்டு, இரவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் கணினி வேலை பார்த்திருக்கிறார். டிரெக்டரின் ஐந்தாம் பதிப்பு அங்கேதான் கைக்கு வந்தது. இப்போது வைத்திருப்பது எட்டாம் பதிப்பு, விண்டோஸ் 98 ஓடும் கணினியில். பக்கத்தில் ஒரு புதிய மடிக்கணினி. அதற்குள் மெய்நிகர் இயந்திரமாக விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது. பழையது ஒருநாள் எழும்பாமல் விட்டாலும் வேலை நிற்கக்கூடாதல்லவா.

“இருங்கோ தம்பி, முதல்ல இதைப் பாருங்கோ” என்று திரையைக் காட்டினார். மேடை ஒரு சாளரம். நடிகர் தொகுதி இன்னொன்று: படங்கள், ஒலிகள், எழுத்துகள், நிரல்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மூன்றாவது, கட்டம் போட்ட ஒரு நீண்ட தாள். குறுக்கே ஓடும் ஒவ்வொரு வரியும் ஒரு தடம். நெடுக்கே நிற்கும் ஒவ்வொரு பத்தியும் ஒரு சட்டகம். எந்த நடிகர் எந்தச் சட்டகத்தில் வந்து எதில் போகிறார் என்பது அங்கே நிறத்தால் தெரியும். உச்சியில் வேகம், வர்ணம், காட்சி மாற்றம், இரண்டு ஒலிகள், நிரல் ஆகியவற்றுக்குத் தனி வரிகள். ஐந்தாம் பதிப்பில் 48 தடங்கள்தான். ஆறில் 120, ஏழில் 1000.

மாஸ்ரரின் பெரியப்பா கூத்தாடியவர். தீவகத்துக் கத்தோலிக்க ஊர்களில் தென்மோடிக் கூத்து பழகிய தலைமுறை அது. அந்தத் தாளைப் பார்த்த முதல் நாளே, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பிதான் தனக்கு நினைவுக்கு வந்தது என்றார். எந்தப் பாத்திரத்துக்கு எப்போது வரவு, மத்தளம் எங்கே மாறும், பிற்பாட்டு எங்கே ஏறும் என்பதெல்லாம் கொப்பியில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரே ஆள் முழுக் கூத்தையும் நடத்துவார்.

“இதில ஒண்டையும் ஒளிச்சு வைக்கேல்ல. மேடை உங்கட கண்ணுக்கு முன்னால. ஆக்கள் இந்தப் பக்கம். ஆர் எப்ப வரவேணும் எண்டது அந்தக் கட்டத்துக்குள்ள. வேற என்ன வேணும் சொல்லுங்கோ?”

வேறொன்றும் வேண்டும்: கதை ஓடிக்கொண்டே போகாமல் பிள்ளைக்காக நிற்க வேண்டும். அதற்குத்தான் லிங்கோ என்ற நிரல்மொழி. ஜான் ஹென்றி தாம்சன் உருவாக்கியது. டிரெக்டர் பழகியவர்கள் எல்லாரும் முதலில் எழுதியிருக்கக்கூடிய மூன்று வரிகளை மாஸ்ரர் பாராமலே தட்டினார்: “ஒன் எக்ஸிற் பிரேம், கோ டு த பிரேம், என்ட்.” இந்தச் சட்டகத்தை விட்டுப் புறப்படும்போது இதே சட்டகத்துக்கே திரும்பிவா என்பதுதான் கட்டளை. ஓட்டம் அந்த இடத்திலேயே சுழலும். படம் அசையும், ஒலி கேட்கும், பிள்ளை ஒன்றைத் தொடும்வரை கதை நகராது. கணினி விஞ்ஞானம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக விளக்கும் ஒரு விஷயத்தை ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஒரு பின்னேரத்தில் பிடித்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று வரியில் எனக்கு இன்றைக்கும் வியப்பு உண்டு.

நான் போன சமயம் சிறகுவலைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆழம் குறைந்த கடலில் கம்புகளை நட்டு, வலையைச் சிறகுபோல் விரித்துக் கட்டுவது சிறகுவலை. மீன் வலையோரமாகவே நீந்திப் போய்க் கடைசியில் கூட்டுக்குள் அகப்படும். படங்களைக் கீறுபவர் மாஸ்ரரிடம் முன்பு படித்த ஒரு பிள்ளை; இப்போது முன்பள்ளி ஆசிரியை. கடதாசியில் பென்சிலால் கீறி, ஸ்கான் செய்து, பின்னணியை ஒவ்வொரு புள்ளியாகத் துப்புரவாக்குகிறார். திருத்தம் சொல்வதற்கு மெலிஞ்சிமுனையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி வருகிறார். கணினியை அவர் தொடுவதில்லை. கதிரையில் இருந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, அந்தக் கம்பு அப்பிடி நிக்காது. நீர் வத்தேக்க சாஞ்சு போகும். இன்னும் கிட்டக் கிட்ட நடவேணும்.”

பிள்ளை மறுபேச்சில்லாமல் கம்புகளை நெருக்கினார். டிரெக்டரில் அது சின்ன வேலை. ஒரே கம்பை நடிகர் தொகுதியிலிருந்து எத்தனை தரமும் மேடைக்கு இழுக்கலாம். மூலப்படத்தை ஒருமுறை திருத்தினால் மேடையிலுள்ள அத்தனை கம்புகளும் திருந்தும். பிறகு நீர்மட்டம். வற்று, பெருக்கு இரண்டுக்கும் நீரின் நிறம் மாறவேண்டும் என்று தொழிலாளி சொன்னார். மாஸ்ரர் நீருக்கு இன்னொரு தடம் போட்டு, அதன் நிறத்தின் அடர்த்தியை மெல்ல மெல்லக் குறைத்தார். “இப்ப சரி” என்ற சொல் வரும்வரை அது நடந்தது. படம் கீறத் தெரிந்தவர், கடலைத் தெரிந்தவர், நிரல் தெரிந்தவர் மூவரும் ஒரே திரையின் முன் இருந்து உடனுக்குடன் திருத்திய வேலை அது. நான் பார்த்த எந்தப் பெரிய ஸ்ரூடியோவிலும் தொழிலை அறிந்த மனிதர் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை.

டிரெக்டரின் மூலம் 1985இல் வந்த வீடியோவேர்க்ஸ். மார்க் கன்ரரும் நண்பர்களும் சிக்காகோவில் தொடங்கிய மக்ரோமைன்ட் நிறுவனம் அதை மக்கின்டொஷ் கணினிக்காகச் செய்தது. பிறகு மக்ரோமீடியா, 2005 இறுதியில் அடோபி. அதே தலைமுறையில் பில் அட்கின்சன் செய்த ஹைபர்கார்ட் 1987இல் வந்தது. 1993இல் உலகம் முழுவதும் பேசப்பட்ட மிஸ்ற் விளையாட்டு அதில் உருவானது. இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் ஒரு நம்பிக்கை இருந்தது: விஷயம் தெரிந்த சாதாரண மனிதர் ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்துமுடிப்பார் என்ற நம்பிக்கை. இன்றைய கருவிகள் பலம் கூடியவைதான். ஆனால் அவற்றில் படம் ஓரிடம், நிரல் வேறிடம், ஒலி இன்னோரிடம். மாஸ்ரரின் பிடிவாதத்தைப் பழமை மோகம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

அறையின் மறுபக்கத்தில் நடக்கும் வேலைதான் என்னைக் கூடுதலாகப் பிடித்து வைத்தது. அலுமாரியில் பழைய இறுவட்டுகள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போன உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தவை: பிள்ளைகளுக்கான தமிழ் அரிச்சுவடி, கதைகள், பாட்டுகள். வீடுகளில் பயன்படாமல் கிடந்தவை. ஒவ்வொன்றையும் மாஸ்ரர் முதலில் முழுவதுமாக நகலெடுத்து ஒரே கோப்பாக்குகிறார். அதன்பின் வட்டைத் தொடுவதில்லை. சிலவற்றின் இயங்குகோப்பு 16 பிற் காலத்தது. 64 பிற் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. சிலவற்றுக்குக் குவிக்ரைம் வேண்டும். விண்டோஸுக்கான அதன் ஆதரவு 2016இலேயே போய்விட்டது. இன்னும் சில, யாரும் திருத்த முடியாதபடி பூட்டி வெளியிட்டவை. பூட்டிய கோப்பிலிருந்து லிங்கோவை மீட்டுத் தரும் புரொஜெக்டர்ரேஸ் என்ற கருவியைத் தன்னார்வலர்கள் எழுதியிருக்கிறார்கள். பழைய விளையாட்டுகளைக் காப்பாற்றும் ஸ்கம்விஎம் திட்டத்திலும் டிரெக்டருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

எழுத்துதான் பெரிய சிக்கல். டிரெக்டருக்கு யுனிகோட் வந்தது 2008இல், பதினோராம் பதிப்பில். அதற்கு முந்திய இறுவட்டுகளில் இலங்கைத் தமிழர் பெரும்பாலும் எழுதியது பாமினி எழுத்துருவில். பாமினியில் “தமிழ்” என்று தட்டினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் குறிகள்தான் தெரியும். மாற்றுவதும் நேரடி வேலையல்ல: பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படும், யுனிகோடில் அது பின்னால் வரவேண்டும். மாஸ்ரர் இதற்கும் லிங்கோவிலேயே ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருக்கிறார்.

கரம்பொன், தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பிறந்த ஊர். 1554இல் லிஸ்பனில் அச்சான கார்த்திலா என்ற நூலைத் தமிழ் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்த நூலிலும் தமிழ் உரோமன் எழுத்துகளிலேயே அச்சாகியிருக்கிறது. 1679ஆம் ஆண்டில் அச்சான, புரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை அவர் வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்து அதைப் படிக்க அவருக்குக் கண்ணும் மொழியறிவும் போதுமாயிருந்தன. 2001இல் செய்த ஒரு தமிழ் இறுவட்டைப் படிக்க நமக்கு விண்டோஸ் 98, பாமினி, குவிக்ரைம், ஒரு மாஸ்ரர் எல்லாம் வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளி எனக்குப் பயம் தருகிறது.

இந்த வேலை ஒரு வீட்டு அறையில் ஒருவரின் பென்ஷன் காசில் நடக்கக்கூடாது. 1990களிலும் 2000களிலும் தமிழ்ப் பாட இறுவட்டுகள் செய்தவர்களில் பலர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். வட்டு மட்டும் போதாது. திருத்தக்கூடிய மூலக்கோப்பு, பயன்படுத்திய எழுத்துரு, தனியாகப் பதிவுசெய்த குரல்கள் எல்லாம் வேண்டும். ஈழத்தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் தளம் பல்லூடகத்துக்காகவே இருக்கிறது. உங்கள் வீட்டு லாச்சியில் அப்படியொரு வட்டு கிடந்தால், இந்தக் கிழமையே அதை முழுதாக நகலெடுத்து, செய்தவர் யார், எந்த ஆண்டு என்ற விபரத்தோடு அங்கே கொடுத்துவிடுங்கள்.