பச்சை சோப்பும் பாத்ரூம் ஆசிட்டும்

ஊட்டி ஏரியில் மோட்டார் படகில் போயிருப்பீர்கள். தண்ணீருக்கு அடியில் சுழலும் விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ள, படகு முன்னால் போகும். அந்த விசிறிக்கு ஒன்றுவிட்ட தம்பிதான் நம் ஊர் பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர். இது இருந்த இடத்திலேயே சுற்றித் தண்ணீரை மேலே அனுப்பும்.

கணபதியில் என் மாமா பஃபிங் பட்டறை வைத்திருக்கிறார். முழுப்பரீட்சை லீவில் அங்கேதான் கிடப்பேன். (சக்கரத்துப் பக்கம் போகக்கூடாது என்பது கண்டிப்பு.) ஒரு நாள் மூன்று பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இம்பெல்லர்கள் வந்தன. போர்த் தண்ணீர் உப்பு வெள்ளையாக அப்பியிருந்தது.

மாமா சாப்பிடப் போன நேரம். ஒன்றை எடுத்து, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றி, கேட் சுரண்டும் இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்தேன். புஸ்ஸென்று நுரை. உப்பு போயே போச்சு! மாமா வந்ததும் மோந்து பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஆசிட் ஊத்துனியா?"

"இல்லீங் மாமா."

இரண்டே நாளில் அதில் பழுப்புப் புள்ளிகள். நகத்தால் தடவினால் குண்டூசி குத்தின மாதிரி குழிகள். மாமா அதைத் தனியாக வைத்துவிட்டுப் புதுசு ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மீதி இரண்டை எடுத்துப் போட்டு, "வா, சொல்லித் தர்றேன்" என்றார்.

இந்த ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். துருவைத் தடுப்பது அந்தத் தோல்தான். பாத்ரூம் ஆசிட்டில் உள்ள குளோரைடு அதைத் துளைத்துவிடும். இரும்புப் பிரஷ் இரும்புத் தூளை ஒட்டவைத்துவிட்டுப் போகும், பிறகு அது துருப்பிடிக்கும்.

மாமா வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் அமிலம் (கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருவார்கள்) கரைத்து ஊறப்போட்டார். நைலான் பிரஷ்ஷால் நான் தேய்த்தேன். அப்புறம் எமரி: 120, 220, 400. ஒவ்வொரு நம்பரையும் முந்தினதுக்குக் குறுக்கே ஓட்டோணும். பழைய கீறல் ஒன்று மிச்சமிருந்தாலும் பளபளப்பு வந்ததும் அது காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் துணிச் சக்கரத்தில் மாமா பச்சை சோப்புத் தடவிப் பிடித்தார். அந்தப் பச்சையும் குரோமியம் ஆக்சைடுதானாம்!

ஒரே இதழை அதிகம் தேய்த்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்து, ஓடும்போது பம்பு அதிரும், பேரிங் போகும். ஆகவே கம்பியில் கோத்து இரண்டு சட்டத்தின் மேல் உருட்டிப் பார்த்தார். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். நம்முடையது எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது.

புள்ளி விழுந்த இம்பெல்லர் இன்னும் பட்டறை ஜன்னலில் இருக்கிறது. போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காருவேன். ஆசிட் ஊற்றியது நான்தான் என்று இதுவரை மாமாவிடம் சொல்லவில்லை. அவர் மகள் நம் பள்ளியில்தான் ஏழாவது படிக்கிறாள். இதைப் படித்தால் இன்று சாயங்காலமே போய்ச் சொல்லிவிடுவாள். சொல்லட்டும்.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு