வினைச்சொல்லைப் பிடி

வகுப்பெடுக்கத் தொடங்கிய புதிதில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். இடப்பக்கம் ‘கருப்பொருள்’, வலப்பக்கம் ‘பாத்திரப் படைப்பு’. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ நடத்திய அன்று இடப்பக்கம் ‘கற்பு’ என்றும், வலப்பக்கம் ‘தாய்: கருணையின் வடிவம்’ என்றும் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“கருணை வடிவம்னா எதுக்கு சார் முதல்ல அடிக்கிறாங்க?”

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்க் கதையை மறுபடி எடுத்தேன். இந்த முறை அம்மாவின் வினைச்சொற்களுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டேன். மழையில் நனைந்து வந்த மகள், காரில் ஏற்றிச் சென்ற அந்நியன் ஒருவனால் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள். அம்மா அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் விசாரிக்க, இப்படி நனைந்துகொண்டு வந்திருக்கிறாளே என்று சமாளிக்கிறாள். அதற்குப் பிறகுதான் மகள் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள்.

அடித்த கைக்கும் தண்ணீர் ஊற்றிய கைக்கும் நடுவே ஒரு பொய் இருக்கிறது. எத்தனையோ முறை படித்தும் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். கருணை அவளோடு கூடப் பிறந்ததில்லை. ஊர் வாயில் மகளைப் போடமாட்டேன் என்று நினைத்த அந்த நொடியில்தான் பிறக்கிறது.

1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது இக்கதை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. பிறகு ஜெயகாந்தன் அதே கருவை எடுத்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அதில் அம்மா சமாளிக்கவில்லை. விஷயம் வெளியே தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான், மகள் கங்காவின் வாழ்க்கையே வேறாகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ‘கற்பு’ என்ற என் விடை நிற்கவில்லை. நடந்த சம்பவம் ஒன்றுதான். யார் காதில் விழுந்தது என்பதே தலையெழுத்தை மாற்றுகிறது.

இன்னொரு சின்னப் பொருளையும் மாணவர்களுக்குக் காட்டுவேன்: சூயிங்கம். காரில் வந்தவன் கொடுத்தது. குளிப்பாட்டி முடித்த பிறகுதான், மகள் வாயில் எதையோ மென்றுகொண்டிருப்பதை அம்மா கவனிக்கிறாள், துப்பச் சொல்கிறாள். அதிர்ச்சியில் மறந்துபோனாளா, அந்தப் பொழுதின் மிச்சமா, வெறும் குழந்தைத்தனமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ‘அப்பாவிப் பெண்’ என்றோ ‘தப்பு செய்தவள்’ என்றோ எழுதி மூடிவிட முடியாதபடி அந்த ஒரு பொருளே தடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்போதும் பலகையை இரண்டாகத்தான் பிரிக்கிறேன். வலப்பக்கம் வினைச்சொற்களால் நிரம்பும். இடப்பக்கத்துக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான். சில நாள் அதற்குள் மணி அடித்துவிடும். வெற்றிடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவேன். மறுநாள் யாராவது ஒருவர், நான் கேட்காமலே, சாக்பீஸை எடுப்பார்.