வண்ணம் உதிர்ந்த பாதங்கள்

வேதக் கதையெல்லாம் நமக்குப் புத்தகத்திலா வந்தது? பீடத்தோரம் நின்ற சுரூபங்கள்தாம் சொல்லிக் கொடுத்தன. கையில் சாவி இருந்தால் இராயப்பர். லீலி மலர் பிடித்த தாடிக்காரர் சூசையப்பர். அதே லீலியோடு குழந்தை யேசுவையும் ஏந்தி, காப்பி நிற அங்கியில் நின்றால் அந்தோணியார். உடம்பில் அம்பு தைத்தவர் செபஸ்தியார். தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு, ரொட்டி கவ்விய நாயோடு நிற்பவர் ஆரோக்கியநாதர். கொள்ளைநோய்க்கு வேண்டிக்கொள்கிற புனிதர் அவர் என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த நாய்க்காகவே நமக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது, நினைவிருக்கிறதா?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அப்போது ரயில்வே ஊர். நூறு குவாட்டர்ஸ் வரிசை வீடுகளில் உட்கார்ந்தால் யார்டில் பெட்டிகள் மோதிக் கோத்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். முன்கூடத்துச் சுவரில் பலகை அடித்த சின்னப் பீடம். திரு இருதய ஆண்டவர் படம், அதன் கீழே சிவப்பு பல்பு, நடுவில் மாதா, மூலையில் போன வருஷத்துக் குருத்தோலை. சாயங்காலச் செபமாலையில் நாலாவது பத்து முடிவதற்குள் யாராவது ஒருவர் தூங்கி விழுவோம். அடுத்த வீட்டுப் பாட்டி தன் முருகனுக்கு வாங்கிய சரத்தில் ஒரு முழம் கிள்ளி, "உங்க மாதாவுக்கும் போடுங்கம்மா" என்று வேலிக்கு மேலே நீட்டுவார். சாம்பிராணியும் மல்லிகையும் கரிப்புகையும் கலந்த ஒரு வாசம் அந்தக் கூடத்துக்கு.

சுரூபத்தின் விரல் ஒடிந்தால் குப்பையில் போட மாட்டார்கள். மெழுகுவர்த்தியைச் சாய்த்து ரெண்டு சொட்டு விட்டு, ஒடிந்த துண்டை வைத்து, மெழுகு இறுகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒட்டவே ஒட்டாது என்றால் மண்ணைத் தோண்டிப் புதைப்பதுதான் வழக்கம்.

கோயில்களைக் கட்டியவர்கள் பாரிஸ் மிஷனிலிருந்து வந்த பிரெஞ்சு சாமியார்கள். கூரான கோதிக் சன்னல்களோடு நிற்கும் நம் செபமாலை மாதா கோயில் சீனக் கிறிஸ்தவர்களுக்காக எழுந்தது. தமிழருக்கென்று 1910இல் புடு அந்தோணியார் கோயில் வந்தது. சுரூபங்களுக்கு ஐரோப்பிய முகம். ரோஜாக் கன்னம், வெளிர் கண். நம் பெண்கள் அந்தக் கழுத்தில் மல்லிகைச் சரத்தைப் போட்டதும் மாதா நம் தெருக்காரியாகிவிடுவாள். 1928இல் கட்டிய கிள்ளான் லூர்து மாதா கோயிலுக்குப் போனால் அவள் வெள்ளை உடையில் இருப்பாள். இடுப்பில் நீலக் கச்சை, பாதத்தில் பொன்ரோஜா. 1858இல் லூர்தில் பெர்னதெத் என்ற சிறுமி காட்சியில் கண்டு சொன்ன அடையாளங்கள் அவை. ஆகஸ்டு 29இல் கொடியேறினால் வேளாங்கண்ணி மாதா. சேலை கட்டி, குழந்தையை ஏந்தி, செப்டம்பர் 8 வரைக்கும் அவள் ராஜ்ஜியம்தான்.

தபசுகாலக் கடைசியில் எல்லாச் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். யார் எங்கே நிற்கிறார் என்று துணியின் மேட்டை வைத்தே சொல்லிவிடுவோம். பாஸ்கா இரவில் மணியடிக்கும்போது எல்லாரும் திரும்பி வந்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்தால் அந்தோணியாரிடம் வரிசை. பாதத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து, அப்புறம்தான் வாசல். மெழுகுவர்த்தி ஏற்ற வந்த இந்துப் பெண்களும் அதே வரிசையில். கைபட்டுக் கைபட்டுக் கட்டைவிரலில் வண்ணம் உதிர்ந்து, உள்ளே இருந்த வெள்ளைச் சுண்ணம் தெரியும். ரோமில் இராயப்பரின் வெண்கலச் சுரூபத்துக்கு வலது பாதம் யாத்திரிகர் கைபட்டே தேய்ந்திருக்கிறது. வெண்கலத்துக்கே அந்தக் கதி என்றால் சுண்ணம் என்ன செய்யும்?

யார்டு இருந்த இடத்தில் 2001 முதல் கேஎல் சென்ட்ரல் நிற்கிறது. நூறு குவாட்டர்ஸ் இடிக்கப்பட்டு, அந்தக் குடும்பங்கள் பூச்சோங், கிள்ளான், ஷா ஆலம் என்று போய்விட்டன. அடுக்குமாடி வீட்டு மாதா ஃபைபரில் வருகிறாள். ஒரு கையால் தூக்கலாம், ஒடியாது, பின்னால் நீல எல்இடி எரியும். வேலிக்கு மேலே பூ நீட்ட வேலியில்லை. சில கோயில்களில் பழைய சுரூபங்களுக்குப் புது வண்ணம் அடித்துக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கெட்டுப்போகாமல் இருக்க அதுவும் வேண்டியதுதான். ஆனால் நம் ஜனம் விடுமா? கண்ணாடியைத் தொட்டு விரலை உதட்டில் வைக்கிறார்கள். பூசை முடிந்ததும் கோயில்பிள்ளை துணியோடு வந்து துடைக்கிறார். அடுத்த பூசைக்குள் மறுபடி கண்ணாடியெல்லாம் விரல் ரேகை.