கருவிகளைக் காத்தல்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஒருநாள் உழைப்பு முழுப்பேராகுமா, அரைப்பேராகுமா என்பதைத் தீர்மானிப்பது கொழுந்து மடுவத்துத் தராசே. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், 2024 இல் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டபோதும் கிலோக் கணக்குப் பற்றிய வழக்கு ஓய்ந்ததில்லை. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றி என் தாயாரின் தலைமுறையினர் கணக்கப்பிள்ளையுடன் வாதாடினர். கணக்கப்பிள்ளை மனிதர், அவருடன் வாதாடலாம். இன்றோ சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. பெண் தன் அட்டையைக் காட்டுகிறாள். தராசு நிறையைத் தானே பதிந்து, மாலையில் தொழிற்சாலைக் காரியாலயத்துக் கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது செக்றோலில் ஏறுகிறது. வாதாடுவதற்கு அங்கே முகமில்லை.

நான் திறந்து பார்த்த அத்தகைய தராசு ஒன்றினுள்ளே, தீப்பெட்டியளவான ஒரு கணினியும் அதில் இயங்கும் லினக்ஸும் இருந்தன. பொருளொன்றினுள் மறைந்திருந்து ஒரே வேலையைச் செய்யும் இவ்வகைக் கணினியை உட்பொதி கணினி என்கிறோம். வீட்டுக்கு இணையத்தைப் பகிரும் பெட்டியிலும் தொலைக்காட்சியிலும் இதுவே உண்டு. இத்தகைய கணினிகளுக்கென லினக்ஸைத் தொகுத்தளிக்கும் தன்னார்வத் திட்டங்கள் பல. பில்ட்றூட், ஓப்பின் எம்பெடட் ஆகியன அவற்றுட் பெயர்பெற்றவை. அத்தகைய சிறியதொரு திட்டத்தில் வழு நீக்கும் கருவிகளின் பொதிகளைப் பராமரிப்போருள் நானும் ஒருவன். ஊதியந்தரும் வேலை வேறு; இது இரவுநேரத்துத் தொண்டு.

அப்பணி யாதென்பதை எனக்கு முதலில் உணர்த்தியது கணினியன்று. என் தந்தையார் டிக்கோயாப் பகுதித் தொழிற்சாலையொன்றின் பட்டறையில் உதவியாளராக இருந்தார். கெய்ன்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பனியின் றோலர், பெல்பாஸ்ற்றிலிருந்து வந்த சிறொக்கோ உலர்த்தி என்று அங்கே எல்லாம் பிரித்தானியப் பொறிகள். பட்டறைச் சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பனருக்கும் அதனதன் வடிவம் வர்ணத்தால் வரையப்பட்டிருக்கும். எடுத்த கருவி திரும்பி வராவிடின் அந்த வெற்றுருவம் எல்லோர்க்கும் தெரியும். பலகையில் இரு வரிசைகள் இருந்தன. மேலே, ஜோசப் விற்வேர்த் என்பார் 1841 இல் வகுத்த அங்குலப் புரிகளுக்கானவை. கீழே, மில்லிமீற்றர்ப் புரிகளுக்கானவை. பழைய றோலருக்கு மேல்வரிசை. புதிதாக வந்த மோட்டாருக்குக் கீழ்வரிசை. மேல்வரிசை ஸ்பனர் துருப்பிடிக்கவில்லை, தேயவில்லை. ஆயினும் புதிய மோட்டாரின் முன் அது வெறும் இரும்புத் துண்டு. கருவி தான் மாறாதிருந்தே பயனிழக்கக்கூடும் என்பதை நான் அங்கே கண்டேன்.

கணினிக் கருவிகள் இவ்வகையில் இன்னும் விரைவாக முதுமையடைகின்றன. எஸ்டிரேஸ் என்றொரு கருவி உண்டு. போல் கிரானென்பேர்க் 1991 இல் சன் கணினிகளுக்கென எழுதிய அது பின்னர் லினக்ஸுக்கு வந்தது. ஒரு நிரல், லினக்ஸின் கருநிரலிடம் என்னென்ன கேட்கிறது என்பதை அது வரிவரியாக எழுதிக் காட்டும்: இக்கோப்பைத் திற, இதனை எழுது, நேரம் என்ன. இவ்வினாக்களுக்குக் கருநிரல் இலக்கங்களை வைத்துள்ளது. ஒன்பது பத்து வாரங்களுக்கொருமுறை புதிய கருநிரல் வெளியாகிறது. சிலவேளை புதிய வினாக்களும் புதிய இலக்கங்களும் சேர்கின்றன. அவற்றை அறியாத கருவி ஏதோவோர் இலக்கத்தை மட்டும் காட்டிவிட்டு வாளாவிருக்கும். ஆகவே 2019 இல் வெளியான 5.0 முதல் எஸ்டிரேஸ் தன் பதிப்பெண்ணையே கருநிரலின் எண்ணோடு இணைத்துக்கொண்டது.

றிச்சர்ட் ஸ்டோல்மன் 1986 இல் எழுதிய ஜி.டி.பி. வேறுவகையானது, நிரலை நடுவழியில் நிறுத்தி, அதன் உள்ளத்தைப் படிக்கவல்லது. ஆயின் சிறிய கணினியில் அதற்கு இடம் போதாது. எனவே ஜி.டி.பி. சேர்வர் என்னும் சிறுபகுதி மட்டும் கருவியினுள்ளே இருக்க, பெரும்பகுதி நம் மேசைக் கணினியில் இருக்கும். நிரலின் பெயரட்டவணையையும் இடமிச்சத்துக்காக உரித்தெடுத்து வேறாக வைப்பர். உரித்ததும் உரிக்கப்பட்டதும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவையாக இருத்தல் வேண்டும். ஓரெழுத்து மாறினும் காட்டுவதெல்லாம் பொய். அவை பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும், வெவ்வேறு செயலிகளுக்குத் தொகுத்துப் பார்ப்பதும், தொகுபடாதவிடத்துத் திருத்தம் எழுதி மூல ஆசிரியர்க்கு அனுப்புவதுமே பராமரிப்பாளரின் வேலை. இதிற் சுவை குறைவென்பதை மறைப்பதற்கில்லை. செவ்வனே செய்யப்பட்டால் எவரும் அறியார்.

நோர்வூட்டுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில் சில தராசுகள் காலைக் கொழுந்தை மறந்துவிடுகின்றன என்ற முறைப்பாடு என்னிடம் வந்தது. மூன்று நிறுவையுள் முதலாவது செக்றோலில் ஏறுவதில்லை. எல்லா நாளுமன்று, சிலநாள் மட்டும். பத்துப் பன்னிரண்டு கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். பெண்கள் சிலர் காலை நிறையைக் கையிலே பேனாவால் எழுதிவைக்கத் தொடங்கினர். காரியாலயமோ இயந்திரம் பொய் சொல்லாது என்றது. வழங்கிய நிறுவனத்தார் தராசைத் தம் நகரத்துக்கு எடுத்துச்சென்று சோதித்து, குறையில்லை என்று திருப்பியனுப்பினர்.

தராசினுள் எஸ்டிரேஸ் இருந்தது. ஆனால் அது 2017 ஆம் ஆண்டுப் பதிப்பு, எங்கிருந்தோ எடுத்து வைக்கப்பட்டது. ஏனைய பகுதிகள் யாவும் 2020 இற்குப் பிந்தியவை. அதிகாலை முதல் மடுவத்திலே அதனை இயக்கிப் பெற்ற குறிப்பில், முக்கியமான இடத்திலெல்லாம் 403 என்ற இலக்கமே நின்றது. அதன் பொருள் அக்கருவிக்குத் தெரியாது. எமது பொதியிலிருந்து புதிய பதிப்பைத் தொகுத்து இட்டபின், அதே இடம் வாய்திறந்தது. 403 என்பது நேரங் கேட்கும் வினா. 32 பிற்றுக் கணினிகளுக்கென 2019 இல் கருநிரலின் 5.1 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. கிடைத்த விடை 1970 ஜனவரி முதலாந் திகதி!

பிறகு எல்லாம் எளிது. கடிகாரத்துக்குரிய பொத்தான் மின்கலம் செத்திருந்தது. மின்சாரம் அறுந்து மீண்ட காலைகளில் தராசு 1970 இலிருந்தே எண்ணத் தொடங்கும். பள்ளத்தாக்கிலுள்ள மடுவத்தில் தொலைபேசி அலை எட்டாது. பிற்பகலில் மேட்டுக்கு வந்ததும் நேரம் தானே திருந்திவிடும். காரியாலயக் கணினி 1970 ஆம் ஆண்டுக் கொழுந்தை நடப்பு மாதத்ததன்று என ஒதுக்கிவிட்டது. நகரத்தில் அலைக்குக் குறைவில்லையாதலால் அங்கே தராசு நிரபராதி.

நம் இலக்கண மரபில் இதற்கொரு பெயருண்டு. தொல்காப்பியக் கிளவியாக்கத்துக்கு உரைகண்டோர் வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, செப்பு, மரபு என எழுவகையாக்கினர். இது முழுமையான காலவழு. கணினித்துறையில் 'வழு' என்ற சொல்லை ஆண்டவர் எவராயினும் நல்ல தேர்வு செய்தார். வழுவை நீக்க இயலாவிடத்துக் காரணங் காட்டி ஏற்கும் வழுவமைதியும் எம்மிடம் தாராளமாக உண்டு. என் பொதிகளில் பாதி அதுவே. பெருங் காலவழுவொன்று முன்னே காத்திருக்கவுஞ் செய்கிறது. 1970 முதல் விநாடிகளை 32 பிற்றில் எண்ணும் கணினிகள் 2038 ஜனவரி 19 இல் 2147483647 ஐ எட்டி, மேலே எண்ண இயலாது கவிழும். 403 பிறந்ததே அதைத் தடுக்கத்தான்.

இக்கருவிகள் தோட்டத்துத் தராசுக்கு மட்டும் உரியனவல்ல. 2024 மார்ச்சில் அன்ட்ரெஸ் ஃபுரொயின்ட் என்ற பொறியியலாளர், தொலைவிலிருந்து கணினியினுள் நுழைகையில் அரை விநாடி அளவு தாமதம் நேர்வதைக் கவனித்தார். பெர்ஃப், வல்கிரைன்ட், ஜி.டி.பி. முதலியவற்றால் ஆராய்ந்தபோது, எக்ஸ்-இசெட் என்னும் சுருக்கக் கருவியினுள் எவரோ கள்ளவழி அமைத்திருந்தமை வெளிப்பட்டது. அதனைப் பல்லாண்டு தனியே பராமரித்துக் களைத்திருந்தவரிடம், உதவ வந்தவர் போல ஏறத்தாழ ஈராண்டு பழகி நம்பிக்கை பெற்ற ஒருவரின் வேலை அது. களைத்த பராமரிப்பாளர் வாசலாகிறார். பேணப்பட்ட கருவி காவலாகிறது. இவ்விரண்டையும் ஒரே செய்தியில் படித்த அன்று நான் நெடுநேரம் விழித்திருந்தேன்.

தோட்டத்தில் மின்கலங்கள் மாற்றப்பட்டன. ஒதுக்கப்பட்ட பதிவுகள் அழிக்கப்படாது கிடந்தமையால் நடப்பு மாதக் கிலோக்கள் மீண்டன. முந்திய மாதத்துச் செக்றோல் மூடப்பட்டுவிட்டதாம். அக்கிலோக்களுக்குப் பணம் கொடுக்கப்படவில்லை. கையில் எழுதிய கணக்கை அதற்கு ஆதாரமாக ஏற்க மறுத்துவிட்டனர்.

வழங்கிய நிறுவனத்தாரோ, அடுத்த பதிப்பில் எஸ்டிரேஸை முற்றாக நீக்கப்போவதாக எழுதினர். அது பிடிப்பது ஒரு மெகாபைற்றுக்குச் சற்றுக் கூடுதலான இடம். பாவனையாளருக்கு அதனாற் பயனில்லை என்பது அவர்களது நியாயம். லினக்ஸின் உரிமம் மூலநிரலைக் கேட்கும் உரிமையைத் தருவதைச் சுட்டி, மூலநிரலையும் உரித்தெடுத்த பெயரட்டவணைகளையும் தருமாறும், கருவியை நீக்காது புதுப்பித்து வைக்குமாறும் மறுமொழி எழுதினேன். அம்மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் பெண்கள் முப்பத்தொருவர் அக்கடிதத்தில் என்னோடு ஒப்பமிட்டனர். இன்னும் விடை வரவில்லை.