ஆயியின் குளமும் ஆலையின் நிலமும்

புதுவைக்கு வருகிறவர்கள் கடற்கரையில் உலாவிவிட்டுப் பாரதி பூங்காவின் நடுவேயுள்ள ஆயி மண்டபத்தின் அருகில் சற்று இளைப்பாறுவது வழக்கம். நாமும் நம் மாணவர்களுடன் ஒரு நாள் காலை அங்கே சென்று அமர்ந்தோம்.

வெள்ளை வெளேரென்று நிற்கும் அம்மண்டபத்தைப் பற்றிக் கர்ணபரம்பரையாக ஒரு கதை உண்டு. விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயிலென்று எண்ணி விஜயநகரத்து அரசர் கைகூப்பினாராம். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்றறிந்ததும் கோபங்கொண்டு, அதை இடித்துவிடக் கட்டளையிட்டாராம். ஆயியோ தன் வீட்டைத் தானே இடித்து, அவ்விடத்தில் ஊராருக்காகக் குளம் வெட்டினாளாம். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர் முத்திரையர்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டு வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவள் நினைவாக எழுந்ததே இம்மண்டபம்.

இன்றும் புதுவை மக்கள் குடிப்பது நிலத்தடி நீரையே. கடலோரத்தில் அளவு மீறி இறைத்ததனால் பல கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. ஆகவே, எஞ்சியுள்ள நல்ல நீர் புதையலுக்குச் சமானம்.

பூங்காவை விட்டுக் கடலூர்ச் சாலை வழியே முதலியார்பேட்டைக்குச் சென்றோம். 1898-இல் தோன்றி, ‘ரோடியர் மில்’ என்று பெயர் பெற்று, பின்னர் ஏ.எப்.டி. ஆன பஞ்சாலை அங்கே இருக்கிறது. புதுவை ஆலைகளின் சரித்திரம் இரத்தத்தில் எழுதப்பட்டது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகளுக்குப் பன்னிரண்டு தொழிலாளர்கள் பலியானார்கள். எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை அந்தத் தியாகத்தின் பயன். அந்தச் சவானா மில்லே பிற்காலத்தில் சுதேசி மில் ஆயிற்று. ஏ.எப்.டி.யும் சுதேசியும் 2020-ஆம் ஆண்டில் மூடப்பட்டன.

நூல் நூற்று, துணி நெய்து, சாயமும் ஏற்றிய நிலம் இது. இதனடியில் விஷம் இருக்கிறதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இந்நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்குமுன், அடியிலுள்ள நீரைச் சோதித்தாக வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னோம். “நீர் தெளிவாக இருந்தால் போதாதா, ஐயா?” என்று ஒரு பையன் கேட்டான்.

அவனுக்கு ராணிப்பேட்டையின் கதையைக் கூறினோம். அங்கே சிப்காட் வளாகத்தில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவோ ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. அதிலுள்ள கொடிய வகைக் குரோமியம் மழைநீரில் எளிதில் கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். மிகுந்தபோது நீர் மஞ்சளாகும். ஆனால் குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கண்ணுக்கு நிறம் தெரிவதற்கு வெகு முன்பே அந்த எல்லை கடந்துவிடும். தெளிவான நீரெல்லாம் நல்ல நீர் அல்ல.

இத்தகைய இடத்தில் வைத்தியம் செய்வதைவிடக் குணமாயிற்றா என்று அறிவதே கடினம். நிலத்தடி நீர் வரும் திசையில் ஒன்றும், போகும் திசையில் பலவுமாகச் சோதனைக் கிணறுகள் வேண்டும். தேங்கிய பழைய நீரை இறைத்துவிட்டு, புதிதாக ஊறும் நீரையே புட்டியில் எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும்; மழைநீர் கலந்தபின் மட்டும் பார்த்தால் விஷம் குறைந்துவிட்டதாகத் தோன்றி ஏமாற்றும். இறைத்துச் சுத்தம் செய்வதை நிறுத்தியதும், களிமண்ணில் பற்றியிருந்த விஷம் மெல்லக் கசிந்து மறுபடி நீரில் ஏறுவதும் உண்டு. ஆகையால் ஒரு முறை நல்ல முடிவு வந்ததும் கணக்கை மூடிவிடலாகாது. ஆண்டுக்கணக்கில் பார்த்து எழுதி வர வேண்டும்.

அந்தக் கணக்கு அலுவலகப் பெட்டியில் உறங்கினால் யாருக்கு லாபம்? கிணற்றைச் சுற்றி வாழும் ஜனங்கள் படிக்கும்படி, தமிழில், பொது இடத்தில் அதை எழுதி வைக்க வேண்டும். கதையில் வரும் ஆயி தன் வீட்டை இடித்து ஊருக்கு நீர் தந்தாள். நம்மிடம் யாரும் வீட்டைக் கேட்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு புட்டி நீரும், பொய் சொல்லாத ஒரு கணக்குப் புத்தகமுமே கேட்கிறார்கள்.